ஜேபிஜி என்று பெயர் வைத்தால் ஜேபிஜி ஆகிவிடுமா?

கேள்வி இதுதான்: "பிஎச்பியில் ஒரு அப்லோட் படிவம் வைத்திருக்கிறேன். பிடிஎஃப், ஜேபிஜி, பிஎன்ஜி, வேர்டு, எக்செல், சிஎஸ்வி மட்டும் ஏற்க வேண்டும். ஃபைலோடு வரும் 'டைப்' மதிப்பை என் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். என் கணினியில் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் ஒரு வாடிக்கையாளருக்கு சிஎஸ்வி ஏறவே மாட்டேன் என்கிறது. இன்னொருவர் போட்ட ஜேபிஜி ஏறிவிட்டது, ஆனால் சிறுபடம் உருவாக்கும் இடத்தில் படங்களைக் கையாளும் ஜிடி லைப்ரரி பிழை காட்டி நின்றுவிடுகிறது. வகையைச் சரியாகக் கண்டுபிடிக்க என்ன வழி?"

அந்த 'டைப்' எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம், உங்கள் இரண்டு சிக்கலுக்கும் வேர் அங்கேதான். அதை பிஎச்பி கண்டுபிடிப்பதில்லை. பிரவுசர் ஃபைலை அனுப்பும்போது கூடவே கன்டென்ட்-டைப் என்று ஒரு வரி எழுதி அனுப்புகிறது, பிஎச்பி அதை அப்படியே எடுத்து உங்கள் கையில் கொடுக்கிறது, அவ்வளவுதான். நோடில் (சர்வரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்) அப்லோடைக் கையாளும் மல்ட்டர் தருவதும் பைத்தானின் ஜாங்கோ தருவதும் இதே வரிதான். சரி, பிரவுசருக்கு எப்படித் தெரியும்? பெரும்பாலும் அது ஃபைலைத் திறந்தே பார்ப்பதில்லை. பெயரின் வாலில் இருக்கும் எக்ஸ்டென்ஷனை எடுத்துக்கொண்டு தன் பட்டியலிலோ ஆபரேட்டிங் சிஸ்டத்திடமோ கேட்கிறது, கிடைத்த பதிலை எழுதிவிடுகிறது.

விண்டோஸில் அந்தப் பதில் அதன் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியிலிருந்து வரலாம். எக்செல் நிறுவிய கணினியில் சிஎஸ்வி எக்ஸ்டென்ஷன் எக்செலின் பேரில் பதிவாகியிருக்கும், அதனால் அங்கிருந்து கிளம்பும் சிஎஸ்வி 'டெக்ஸ்ட்/சிஎஸ்வி' என்று வராமல் 'அப்ளிகேஷன்/விஎன்டி.எம்எஸ்-எக்செல்' என்று வரும். உங்கள் கணினி லினக்ஸாகவோ மேக்காகவோ இருக்கும், அல்லது எக்செல் இல்லாத விண்டோஸாக இருக்கும், அதனால்தான் உங்களுக்கு ஓடுகிறது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் கணக்குப் பிரிவில் இருந்த அக்கா ஒருவருக்கு மட்டும் இதே மாதிரி ஏறாது, என் மேசைக்கு வந்து போட்டால் ஏறும். ஒரு மதியம் முழுக்க அவருடைய ஃபைலில்தான் ஏதோ கோளாறு என்று தேடிக்கொண்டிருந்தேன். ஃபைலில் ஒன்றுமே இல்லை, அவருடைய கணினியில் எக்செல் இருந்தது, என்னுடையதில் இல்லை.

இதுவாவது அப்பாவித்தனமான தவறு. வேண்டுமென்றே ஏமாற்ற நினைப்பவருக்குப் பிரவுசரே தேவையில்லை, டெர்மினலிலிருந்தே ஃபைல் அனுப்பும் கர்ல் கட்டளையில் ஒரு சொல் கூடுதலாகத் தட்டினால் எந்த ஃபைலையும் 'இமேஜ்/ஜேபெக்' என்று அனுப்பலாம். எக்ஸ்டென்ஷனும் அப்படித்தான், பெயரை மாற்ற யாருக்கும் அனுமதி வேண்டியதில்லை. உங்கள் இரண்டாவது வாடிக்கையாளர் ஏமாற்றுக்காரர் என்று சொல்லவரவில்லை. அவர் இணையத்தில் ஒரு படத்தைச் சேமித்திருப்பார், உள்ளே வெப்பி என்ற வேறு பட வடிவம் இருந்திருக்கும், பெயரில் ஜேபிஜி இருந்திருக்கும். அல்லது ஐபோனில் எடுத்த படம். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன் கேமரா இயல்பாகவே எச்இஐசி வடிவில்தான் சேமிக்கிறது, "ஜேபிஜி மட்டும்" என்று உங்கள் படிவம் சொன்னதும் பலர் ஃபைலின் பெயரை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஜிடியின் ஜேபெக் பகுதிக்கு இரண்டுமே புரியாது.

ஆக, பெயரும் பிரவுசர் சொல்வதும் வெறும் வாய்ச்சொல். பைட்டுகளைப் பார்க்க வேண்டும். பல வடிவங்கள் தொடக்கத்திலேயே ஓர் அடையாளத்தை வைத்திருக்கின்றன, இதைத்தான் மேஜிக் எண் என்கிறார்கள். ஜேபிஜி 255, 216, 255 என்று தொடங்கும். பிடிஎஃப்பில் சதவீதக் குறி, பிடிஎஃப் என்ற மூன்று எழுத்து, ஒரு சிறு கோடு. எனக்குப் பிடித்தது பிஎன்ஜியின் எட்டு பைட்டுகள்: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. இரண்டாவதிலிருந்து வரும் மூன்றும் பிஎன்ஜி என்ற எழுத்துகள். முதலில் உள்ள 137 எட்டாவது பிட்டும் போட்ட எண், ஏழு பிட்டை மட்டும் கடத்தும் பழைய வழியாக வந்திருந்தால் அது உடனே கெட்டுப்போயிருக்கும். 13-உம் 10-உம் விண்டோஸ் பாணி வரிமுடிவு, கடைசி 10 யூனிக்ஸ் பாணி வரிமுடிவு. வழியில் எவராவது இதை உரை என்று நினைத்து வரிமுடிவுகளை மாற்றியிருந்தால் இரண்டில் ஒன்று காட்டிக்கொடுத்துவிடும். 26 என்பது டாஸ் காலத்தில் ஃபைலைத் திரையில் கொட்டும்போது அங்கேயே நிறுத்தச் சொல்லும் குறி. எட்டே பைட்டில் இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். பிஎம்பி வடிவம் இரண்டு எழுத்தோடு முடித்துக்கொண்டது, அந்த இரண்டு எழுத்தில் தொடங்கும் எந்த உரையும் அவசரக்காரக் கண்ணுக்குப் படமாகத் தெரியும்.

இந்த எண்களை நீங்களே உட்கார்ந்து எழுத வேண்டாம். யூனிக்ஸில் 'ஃபைல்' என்ற கட்டளை 1973-லிருந்தே இருக்கிறது. இன்று லினக்ஸில் இருப்பது அதன் திறந்த மூல வடிவம், அதன் உள்ளே இருப்பது லிப்மேஜிக் என்ற லைப்ரரி. பிஎச்பியின் ஃபைல்இன்ஃபோ அதே லிப்மேஜிக்தான், 5.3 முதல் கூடவே வருகிறது (விண்டோஸில் மட்டும் பிஎச்பி.ஐஎன்ஐ-யில் இயக்கிவிட வேண்டும்). அதைத் தற்காலிகப் பெயரில் இருக்கும் ஃபைல்மீது ஓட்டுங்கள், பயனர் கொடுத்த பெயரில் சர்வரில் எதுவும் இருக்காது. பைத்தானில் பைத்தான்-மேஜிக் இருக்கிறது, ஆனால் முதல் 2048 பைட்டாவது கொடுக்கச் சொல்கிறார்கள், அதற்குக் குறைவாகக் கொடுத்தால் தவறாகச் சொல்லலாம். பைத்தானோடு வரும் மைம்டைப்ஸ் பெயரை மட்டும்தான் பார்க்கும், நிறையப் பேர் அதை உள்ளடக்கச் சோதனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். படங்களுக்கென்று இருந்த இமேஜ்எச்டிஆர் 3.13-இல் நீக்கப்பட்டுவிட்டது. கோ மொழியில் டிடெக்ட்கன்டென்ட்டைப் முதல் 512 பைட்டுக்கு மேல் பார்க்காது. நோடின் ஃபைல்-டைப் பைனரி வடிவங்களுக்கு நன்றாக வேலை செய்யும், உரை, சிஎஸ்வி, எஸ்விஜி பக்கம் எட்டியே பார்க்காது. ஜாவாவில் அப்பாச்சி டிக்கா இருக்கிறது, கனமானது, ஆனால் பல ஃபைல்களை ஒன்றாக அடைத்துவைக்கும் கொள்கலன் வடிவங்களை உள்ளே திறந்து பார்க்கும்.

கொள்கலன் என்றேனே, தலைவலி தொடங்குவது அங்கேதான். வேர்டின் டாக்எக்ஸ், எக்செலின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ், லிப்ரே ஆபிஸின் ஓடிடி, இபப், ஜாவாவின் ஜார், ஆண்ட்ராய்டின் ஏபிகே எல்லாமே ஜிப்தான். எல்லாம் 80, 75, 3, 4 என்றுதான் தொடங்கும், முதல் இரண்டும் ஜிப்பை உருவாக்கிய ஃபில் காட்ஸின் தலைப்பெழுத்துகள். ஓடிடியும் இபப்பும் கொஞ்சம் நாகரிகமானவை, தங்கள் வகையை எழுதிய ஒரு சின்ன ஃபைலைச் சுருக்காமல் ஜிப்பின் முதல் இடத்தில் வைக்கின்றன, அதனால் முதல் நூறு பைட்டுக்குள் வகை தெரிந்துவிடும். டாக்எக்ஸுக்கு அந்தப் பழக்கம் இல்லை. லிப்மேஜிக் உள்ளே இருக்கும் ஃபைல்களின் பெயரையும் வரிசையையும் வைத்து ஊகிக்கிறது, ஆகவே வேர்டில் சேமித்ததைச் சரியாகச் சொல்லும், ஏதோ ஒரு ரிப்போர்ட் மென்பொருள் வேறு வரிசையில் அடுக்கிய எக்ஸ்எல்எஸ்எக்ஸை வெறும் ஜிப் என்றோ 'ஆக்டெட்-ஸ்ட்ரீம்' (ஏதோ பைட்டுகள், வகை தெரியவில்லை) என்றோ சொல்லிவிடும். சர்வரில் இருக்கும் பதிப்பு பழையதாக இருந்தால் இது இன்னும் மோசம். உங்கள் லேப்டாப்பில் ஒரு பதில், சர்வரில் ஒரு பதில் என்று வந்தால் மண்டையை உடைத்துக்கொள்ளாமல் முதலில் லிப்மேஜிக் பதிப்பைப் பாருங்கள்.

பழைய டாக், எக்ஸ்எல்எஸ், பிபிடி மூன்றும் இன்னொரு கொள்கலன், 208, 207, 17, 224 என்று தொடங்கும். இதில் ஒரு பொறி இருக்கிறது: கடவுச்சொல் போட்ட எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஜிப்பாக இருக்காது! மறையாக்கம் செய்த மொத்தத்தையும் அந்தப் பழைய கொள்கலனுக்குள் வைத்துத்தான் ஆபிஸ் சேமிக்கிறது. சம்பளப் பட்டியலைப் பூட்டி அனுப்பும் ஆள் ஒருவர் எங்கேயும் இருப்பார், அவருடையது மட்டும் ஏறாது. போதாக்குறைக்கு, பல இணையதளங்களில் "எக்செலாகப் பதிவிறக்கு" என்று அழுத்தினால் வரும் எக்ஸ்எல்எஸ் உண்மையில் ஒரு எச்டிஎம்எல் அட்டவணை. எக்செல் ஒரு எச்சரிக்கை காட்டிவிட்டுத் திறந்துவிடும், பயனரைப் பொறுத்தவரை அது எக்செல் ஃபைல்தான். உங்கள் சர்வர் "இது எச்டிஎம்எல்" என்று சொன்னால் அவர் உங்களைத்தான் திட்டுவார், ஆனால் சர்வர் சொல்வது உண்மை.

எச்இஐசியும் எம்பி4-உம் இதே மாதிரி உறவினர்கள், முதல் நான்கு பைட் நீளம், அடுத்த நான்கில் 'எஃப்டிஒய்பி', அதற்கு அடுத்துதான் யார் என்ற பெயர். வெப்பி, வேவ், ஏவிஐ மூன்றும் 'ரிஃப்' என்று தொடங்கும், ஒன்பதாவது பைட்டிலிருந்து வரும் நான்கு எழுத்தில்தான் பிரியும். முதல் நான்கு பைட்டை மட்டும் ஒப்பிடும் நிரல் கோடு இணையத்தில் நிறையக் கிடைக்கும், அதை எடுத்துப் போட்டால் பாட்டை ஏற்றிவிட்டுப் படம் என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்து சிஎஸ்வி. இதற்கு மேஜிக் எண்ணே கிடையாது. காற்புள்ளி இருக்கும் உரை, அவ்வளவுதான். லிப்மேஜிக் பதிப்பைப் பொறுத்து வெறும் உரை என்றும் சொல்லும், சிஎஸ்வி என்றும் சொல்லும், இரண்டையும் நம்ப வேண்டாம். எக்செலே இதில் சறுக்கும்: சிஎஸ்வியின் முதல் இரண்டு எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில் 'ஐடி' என்று இருந்தால் அதைச் சில்க் என்ற பழைய வடிவமாக நினைத்துக்கொண்டு பிழை காட்டும், முதல் நெடுவரிசைக்கு அந்தப் பெயர் வைத்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதில் மாட்டியிருப்பார்கள். ஆகவே சிஎஸ்விக்கு வகை தேடாதீர்கள். உரையா என்று பாருங்கள், நீங்கள் எதிர்பார்க்கும் தலைப்பு வரிசை இருக்கிறதா என்று பாருங்கள், சிஎஸ்வியாகவே படித்து ஒவ்வொரு வரியிலும் அத்தனை நெடுவரிசை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது சிஎஸ்வி.

"உரையா" என்று பார்ப்பதிலும் தமிழில் வேலை செய்பவர்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இது தலைகாட்டாது. பலர் முதல் 512 அல்லது 1024 பைட்டை வெட்டி எடுத்து, அது யூடிஎஃப்-8 ஆக (யூனிகோட் எழுத்துகளைப் பைட்டாக எழுதும் முறை) சரியாகப் படிக்கிறதா என்று சோதிப்பார்கள், இல்லையென்றால் பைனரி என்று தள்ளிவிடுவார்கள். யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட், 224-இல் தொடங்கி 174 அல்லது 175 என்று போகும். 512-உம் 1024-உம் மூன்றால் வகுபடாது, நடுவில் வரும் இடைவெளிகளும் எண்களும் ஒவ்வொரு பைட்டாகக் கணக்கை நகர்த்தும். ஆகத் தமிழ் ஃபைலை அப்படி வெட்டினால் பெரும்பாலும் ஒரு குறியின் நடுவில்தான் கத்தி விழும், ஒழுங்கான ஃபைல் "செல்லாத யூடிஎஃப்-8" ஆகிவிடும். வெறும் ஆங்கில எழுத்து மட்டும் உள்ள ஃபைலில் இது நடக்கவே நடக்காது, அதனால் சோதனையில் மாட்டாது. வெட்டினால் கடைசி மூன்று பைட்டை மன்னித்துவிடுங்கள், அல்லது முழு ஃபைலையும் சோதியுங்கள், சிஎஸ்வி என்ன பெரிய அளவா இருக்கப்போகிறது.

எக்செலில் 'யூனிகோட் டெக்ஸ்ட்' என்று சேமித்தால் யூடிஎஃப்-16 வரும், தொடக்கத்தில் 255, 254 இருக்கும், உள்ளே பூஜ்ய பைட் நிறைய இருக்கும். பூஜ்ய பைட் இருந்தால் பைனரி என்ற விதி நல்ல விதிதான், ஆனால் இந்தத் தொடக்கக் குறியைப் பார்த்த பிறகுதான் அதைப் போட வேண்டும். அப்புறம் பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத தமிழ் எழுத்துரு. அந்த எழுத்துருவில் தட்டிய ஆவணத்தை வெறும் உரையாகச் சேமித்தால், உலகத்தில் உள்ள எந்தக் கருவியும் அதைச் சுத்தமான ஆங்கில எழுத்து ஃபைல் என்றுதான் சொல்லும், பைட் அளவில் அது அதுதான். அங்கே தமிழ் இருந்தது எழுத்துருவில் மட்டும். தமிழின் பழைய குறியாக்கமான திஸ்கியில் இருந்தாலாவது யூடிஎஃப்-8 சோதனையில் தோற்றுக் காட்டிக்கொடுக்கும். இதை வகை கண்டுபிடிக்கும் கோடு தீர்க்காது, பதிவேற்றியதும் முதல் நான்கு வரியைப் பயனருக்கே காட்டி "இது சரியாகத் தெரிகிறதா?" என்று கேட்பதுதான் நான் கண்ட ஒரே வழி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பைட்டைப் பார்த்துவிட்டோம், ஜேபிஜி என்று வந்துவிட்டது, போதுமா என்றால் போதாது. மேஜிக் எண் சொல்வது "ஆரம்பம் இப்படி இருக்கிறது" என்பதை மட்டும். ஜேபிஜியில் குறிப்பு எழுத இடம் இருக்கிறது, அதற்குள் பிஎச்பி கோடு எழுதி வைக்கலாம், படமும் ஒழுங்காகத் திறக்கும், ஃபைல்இன்ஃபோவும் ஜேபிஜி என்றே சொல்லும், பிஎச்பியின் கெட்இமேஜ்சைஸ் அகலம் உயரம் எல்லாம் தரும். ஜிப்பை முடிவிலிருந்து படிப்பார்கள், ஜிஃப்பைத் தொடக்கத்திலிருந்து படிப்பார்கள், அதனால் ஒரே ஃபைல் ஜிஃப்பாகவும் ஜாராகவும் இருக்க முடியும். 2008-இல் ஜிஃபார் என்ற பெயரில் இதைச் செய்தே காட்டினார்கள். அந்த ஃபைலின் "சரியான வகை" எது? இரண்டுமே சரி. ஆகவே "இது என்ன வகை" என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, "நான் இதை எதற்குப் பயன்படுத்தப்போகிறேன், அதற்கு இது திறக்குமா, மற்றபடி எதற்கும் இது உதவாமல் செய்ய முடியுமா" என்று கேளுங்கள்.

படம் என்றால் பதில் சுலபம், திறந்து பிக்சல்களை எடுத்துப் புதிதாக ஒரு ஜேபிஜி எழுதிக்கொள்ளுங்கள், பயனரிடமிருந்து வந்த ஃபைலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒட்டிவந்த ஜிப், குறிப்பில் இருந்த கோடு, படம் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் எல்லாம் அதோடு போய்விடும். திறக்கும் முன் அகல உயரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், சில கிலோபைட் பிஎன்ஜி விரிந்து மொத்த நினைவகத்தையும் தின்னும். பைத்தானின் பட லைப்ரரியான பில்லோ சுமார் 8.9 கோடி பிக்சலைத் தாண்டினால் எச்சரிக்கும், ஜிடியில் அந்தக் காவலை நீங்கள்தான் போட வேண்டும். இன்னொன்று, எந்த வடிவமாக இருந்தாலும் நீயே பார்த்துக்கொள் என்று மாற்றும் மென்பொருளிடம் விடாதீர்கள். 2016-இல் வந்த இமேஜ்ட்ராஜிக் ஓட்டையில் நடந்தது அதுதான், ஜேபிஜி என்று பெயரிட்ட ஃபைலின் உள்ளே வேறொரு வடிவம் இருந்தது, படம் மாற்றும் மென்பொருளான இமேஜ்மேஜிக் உள்ளடக்கத்தைப் பார்த்துச் சரியாகவே கண்டுபிடித்தது, கண்டுபிடித்த வடிவத்தில் கட்டளைகளை ஓட்ட வழி இருந்தது. வகையைச் சரியாகக் கண்டுபிடித்ததால் வந்த வினை!

வேர்டு, எக்செலுக்கு பிஎச்பியின் ஜிப்ஆர்கைவ் கொண்டு திறந்து, உள்ளே சதுர அடைப்புக்குறியில் 'கன்டென்ட்_டைப்ஸ்' என்ற எக்ஸ்எம்எல் இருக்கிறதா, 'வேர்டு' ஃபோல்டர் இருக்கிறதா 'எக்ஸ்எல்' ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். மேக்ரோ வேண்டாம் என்றால் 'விபிஏப்ராஜெக்ட்' என்ற பைனரி இருந்தால் மறுத்துவிடலாம். பிடிஎஃப்பில் கொஞ்சம் தளர்வாக இருங்கள். அடோபியின் ரீடர் முதல் 1024 பைட்டுக்குள் எங்கே அந்த அடையாளம் இருந்தாலும் திறக்கும், தொடக்கத்தில் ஒரு வெற்று வரி ஒட்டிக்கொண்ட பிடிஎஃப் நிறைய உலாவுகிறது, அதை உருவாக்கியதும் நம் பிஎச்பி சகோதரர்கள்தான். முதல் பைட்டிலேயே இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தால் நல்ல ஃபைல்களை இழப்பீர்கள்.

எஸ்விஜி உங்கள் பட்டியலில் இல்லை, நல்லது, யாராவது சேர்க்கச் சொன்னால் அது ஸ்கிரிப்ட் எழுத இடம் உள்ள எக்ஸ்எம்எல் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

சேமிப்பதிலும் திருப்பிக் கொடுப்பதிலும்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பயனர் கொடுத்த பெயரை டேட்டாபேஸில் மட்டும் வையுங்கள், டிஸ்கில் நீங்கள் உருவாக்கிய பெயரும் நீங்கள் தீர்மானித்த எக்ஸ்டென்ஷனும் இருக்கட்டும், அதுவும் இணையத்திலிருந்து நேராக எட்ட முடியாத ஃபோல்டரில். அப்பாச்சி வெப் சர்வரில் பிஎச்பிக்கு ஆட்ஹேண்ட்லர் என்ற அமைப்பைப் போட்டிருந்தால் 'பிஎச்பி' என்பது பெயரின் நடுவில் வந்தாலே ஓடிவிடும், கடைசியில் ஜேபிஜி இருப்பது காப்பாற்றாது. என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு வெப் சர்வரோடு, பிஎச்பியை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம் தவறாக அமைந்திருந்தால், படத்தின் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் இல்லாத ஒரு பிஎச்பி பெயரும் சேர்த்துக் கேட்டால் படத்தையே பிஎச்பியாக ஓட்டும், சிஜிஐ.ஃபிக்ஸ்_பாத்இன்ஃபோ அமைப்பைப் பார்த்துவையுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது கன்டென்ட்-டைப்பை நீங்களே எழுதுங்கள், கூடவே எக்ஸ்-கன்டென்ட்-டைப்-ஆப்ஷன்ஸ் தலைப்பில் 'நோஸ்னிஃப்' போடுங்கள். நீங்கள் சொன்னதை நம்பாமல் பிரவுசர் தானே மோந்து பார்த்து எச்டிஎம்எல் என்று முடிவு செய்வதைத் தடுக்கத்தான் அது வந்தது. படம் தவிர மற்ற எல்லாவற்றையும் 'அட்டாச்மென்ட்' ஆகக் கொடுங்கள். முடிந்தால் தனி டொமைனிலிருந்து கொடுங்கள், கூகுள் பயனர்களின் ஃபைல்களுக்கென்று தனி டொமைன் வைத்திருப்பது இதற்காகத்தான்.

சரி, இன்றைக்கு உங்கள் கோடில் என்ன மாற்றுவது? 'டைப்' ஒப்பிடும் வரியை அழித்துவிடுங்கள். எக்ஸ்டென்ஷனைச் சின்ன எழுத்தாக்கி எடுத்துக்கொள்ளுங்கள், அதைப் பயனர் என்ன கொடுக்க நினைத்தார் என்பதற்கான குறிப்பாக மட்டும் வையுங்கள். ஃபைல்இன்ஃபோ சொல்வது அந்த எக்ஸ்டென்ஷனுக்கு நீங்கள் எழுதிவைத்த பதில்களில் ஒன்றா என்று பாருங்கள், எக்ஸ்எல்எஸ்எக்ஸுக்கு அந்தப் பதில்களில் ஜிப்பும் ஆக்டெட்-ஸ்ட்ரீமும் இருக்கட்டும், ஏனென்றால் அடுத்த படியில் எப்படியும் திறந்து பார்க்கப்போகிறீர்கள். சிஎஸ்விக்கு இந்தப் படியைத் தாண்டி நேராகப் படிக்கும் சோதனைக்குப் போங்கள். மறுக்கும்போது "தவறான ஃபைல்" என்று மட்டும் சொல்லாமல், "பெயரில் ஜேபிஜி இருக்கிறது, உள்ளே இருப்பது எச்இஐசி, போனில் ஜேபிஜியாக மாற்றி அனுப்புங்கள்" என்று சொல்லுங்கள், பாதித் தொலைபேசி அழைப்புகள் நின்றுவிடும். அந்த இரண்டாவது வாடிக்கையாளரின் ஃபைல் இன்னும் சர்வரில் இருந்தால் 'ஃபைல்' கட்டளையை அதன்மேல் ஓட்டிப் பாருங்கள். வெப்பி என்று வந்தால் ஜிடியிலேயே மாற்றிக்கொள்ளலாம், எச்இஐசி என்று வந்தால் அதற்கு வேறு லைப்ரரி வேண்டும்.